பெயர் மாறாத வண்டி

ஜனவரி 7, ஞாயிறு

வண்டி வந்துவிட்டது. வாசலில் நிற்கிறது. இதை எழுத உட்கார்ந்த பிறகு இரண்டு முறை எழுந்துபோய் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டேன்.

மருந்துக் கம்பெனிக்காரர்கள் கிளினிக்கில் கொடுக்கும் டைரியை வருஷா வருஷம் மகள் யாழினிதான் படம் வரைந்து தீர்ப்பாள். இந்த வருஷம் எனக்கு வேண்டும் என்று சொல்லி எடுத்து வைத்துக்கொண்டேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வேறு நோட்டா கிடைக்காது?

காலையில் கிளினிக், அதன் பிறகு வீடு வீடாகப் போய் பிசியோதெரபி. ஈரோட்டில் டவுன் பஸ்ஸை நம்பி ஒரு நாளைக்கு நான்கு வீடுகளுக்கு மேல் போக முடிவதில்லை. புது ஸ்கூட்டர் வாங்க வசதியில்லை. பழைய வண்டி விற்கும் கடைக்குப் போகலாம் என்றேன். என் வீட்டுக்காரருக்கு, மாமாவுக்கு, அது பிடிக்கவில்லை.

“கடையில எடுத்தா நடுவுல இருக்கறவனுக்குத்தான் லாபம், ரேணு. தெரிஞ்ச ஆளுகிட்ட நேரா வாங்கோணும். நா பாத்துக்கறேன்.”

மாமா வேலை செய்யும் ஜவுளி குடோனுக்கு லாரி பிடித்துக் கொடுக்கும் மோகனசுந்தரம் என்பவரிடம் இந்த வண்டி இருந்தது. பீட்ரூட் நிறம். அதிகம் ஓடவில்லை. முதலில் சொன்ன விலை எங்களுக்குக் கட்டுபடியாகவில்லை. விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தோம். வியாழக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாமாவுக்கு ஏதோ தெரியாத நம்பரிலிருந்து ஒரு போன். வாசலுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். மறுநாள் விலை பாதியாகிவிட்டது. எப்படிப் பேசினீர்கள் என்று கேட்டேன். “அதெல்லாம் உனக்கெதுக்கு புள்ள, ஓட்டறது மட்டும் உன்ற வேலை” என்று சிரித்தார். எங்கே பேசினாலும் காரியத்தை முடித்துவிடுவார்.

மோகனசுந்தரம் வண்டியைக் கொண்டுவந்து விட்டார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. “சம்சாரம் பேருல இருக்குதுங்க. அவ வேலைக்குன்னு பெருந்துறைப் பக்கம் போயிட்டா. பாரத்துல எல்லாங் கையெழுத்து வாங்கிட்டேன்” என்றார். சாவி ஒன்றுதான். இன்னொன்று தொலைந்துவிட்டதாம்.

பெயர் மாற்றும் பாரங்களைப் பார்த்தேன். இந்துமதி என்று இரண்டிலும் கையெழுத்து. ஒன்றில் சாய்ந்திருக்கிறது, ஒன்றில் நேராக இருக்கிறது. அவசரத்தில் போட்டிருப்பார்.

ஜனவரி 9, செவ்வாய்

முதல் நாள். ஆறு வீடுகள். சம்பத் நகரில் இடுப்பு எலும்பு அறுவை முடிந்து படுத்திருக்கும் ரங்கநாயகி அம்மாவை மூன்று மணிக்கே பார்த்து முடித்துவிட்டேன். வழக்கமாக ஐந்தாகிவிடும். “என்ன, இன்னிக்கு ஓடி வந்தியா?” என்றார். ஜன்னல் வழியாக வண்டியைக் காட்டினேன்.

ஒரு பஸ் எனக்காக நிற்குமா என்று பயப்படாமல் ஒரு நாள் கழிந்தது. அதற்குப் பதிலாக வேறு பயங்கள். பிரேக் பிடித்தால் வண்டி லேசாக இடதுபுறம் இழுக்கிறது. நிறுத்திவிட்டு உள்ளே போனால் காது வாசலிலேயே இருக்கிறது.

சாயந்திரம் மாமா கிலோமீட்டரைப் பார்த்து போனில் குறித்துக்கொண்டார். பெட்ரோல் கணக்குக்குத் தோதாக இருக்குமாம். நான் எங்கே இருக்கிறேன் என்று அவர் போனில் தெரிகிற மாதிரியும் வைத்துவிட்டார். ரோட்டில் ஏதாவது ஆனால் தெரிய வேண்டுமல்லவா. அக்கறை.

ஜனவரி 10, புதன்

ஏழு வீடுகள். தோள்பட்டை வலி. ஆனாலும் ஏழு.

ஜனவரி 12, வெள்ளி

சம்பத் நகர் போகும் வழியில் சிக்னலில் வெள்ளைக் கோட்டைத் தாண்டி நிறுத்திவிட்டேன். போலீஸ்காரர் போனில் படம் எடுத்தார். நிறுத்தவில்லை, எதுவும் கேட்கவில்லை. எடுத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னேன். அபராதம் யாருக்குப் போகும் என்று கேட்டேன். “வண்டி யாரு பேருல இருக்குதோ அவிகளுக்கு மெசேஜ் போவும்” என்றார். “பாத்து ஓட்ட மாட்டியா நீ?” என்று திடீரென்று சத்தம் போட்டார். யாழினி பயந்துபோய் என்னிடம் வந்து நின்றுகொண்டாள்.

சின்னத் தொகைதான். மோகனசுந்தரத்தின் சம்சாரத்திடம் கொடுத்துவிடலாம் என்றேன்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். வண்டியைக் கழுவி, சந்தனப் பொட்டு வைத்தோம். யாழினி வண்டிக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும் என்றாள். வைக்கவில்லை.

ஜனவரி 18, வியாழன்

பெயர் மாற்றும் வேலையை இனியும் தள்ள முடியாது என்று நானே பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அங்கிருந்த பெண் எல்லாம் தட்டி முடித்துவிட்டு, “அக்கா, ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க” என்றாள். எனக்கு எதுவும் வரவில்லை. பழைய ஓனரின் நம்பருக்குத்தான் போகுமாம்.

“அவங்களுக்குப் போன் பண்ணிக் கேளுங்க.”

“நம்பர் தெரியாது.”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “பேர் மாத்தாம ரொம்ப நாள் ஓட்டாதீங்கக்கா. ஏதாச்சும் ஆச்சுன்னா அவிகளுக்கும் வம்பு, உங்களுக்கும் வம்பு. இன்சூரன்சும் கைக்கு வராது.”

திரும்பும் வழியில் மெக்கானிக்கிடம் பிரேக்கைக் காட்டினேன். ஒரு தரம் விழுந்து எழுந்த வண்டி, முன்பக்கம் கொஞ்சம் கோணியிருக்கிறது, ஓட்டலாம், வேகம் வேண்டாம் என்றார். “சாவி ஒண்ணுதானுங்களா? அப்படின்னா முதல்ல பூட்டை மாத்திருங்க. தொலைஞ்சதுன்னு சொல்ற சாவி யாரு கையில இருக்குதோ.”

மாமாவிடம் இரண்டையும் சொன்னேன். பூட்டு மாற்றுவது வீண் செலவாம். பெயர் மாற்றுவதற்கு மோகனசுந்தரத்திடம் பேசுகிறாராம். அந்தம்மாவின் நம்பரை வாங்கிக் கொடுங்கள், நானே பேசுகிறேன் என்றேன்.

“நீ ஒண்ணும் பேச வேண்டாம். ஒரு வருஷம் சும்மா ஓட்டு. யாரு கேக்கப்போறா?”

சரி என்றேன்.

ஜனவரி 22, திங்கள்

ரங்கநாயகி அம்மாவை நடக்க வைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலருகே வந்ததும் வாக்கரைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

“உன்ற வண்டியவே பாத்துட்டு ஒரு பொண்ணு நிக்குது பாரு.”

என் வயதுதான் இருக்கும். சுடிதார், கழுத்தில் கம்பெனி அட்டை. வண்டியின் சீட்டின் மேல் கையை வைத்திருந்தாள். நான் வாசலுக்கு வருவதற்குள் தெருமுனை திரும்பிவிட்டாள்.

வண்டியில் எதுவும் குறையவில்லை. யாரோ. நிழலுக்கு நின்றிருப்பாள்.

ஜனவரி 24, புதன்

இன்றும் நின்றாள். எதிர் வீட்டு வேப்பமரத்தடியில். நான் வண்டியை எடுத்தபோது நேராக என் முகத்தைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வருகிற மாதிரி இருந்தது. நான் கிளம்பிவிட்டேன். கொஞ்ச தூரம் போனதும் ஓரமாக நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

மாமாவிடம் சொல்லவில்லை. சொன்னால் வண்டியே வேண்டாம் என்று பூட்டிவிடுவார்.

ஜனவரி 26, வெள்ளி

வண்டி போய்விட்டது.

லீவு நாள் என்பதால் தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ரங்கநாயகி அம்மாவுக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வெளியே வந்தால் இடம் காலியாக இருந்தது. சாவி என் பையில்தான் இருந்தது. பிள்ளைகளைக் கேட்டேன். “ஒரு அக்கா வந்து சாவி போட்டு ஓட்டிட்டுப் போனாங்க” என்றார்கள். அவ்வளவு சாதாரணமாக.

வெயிலில் பஸ் ஸ்டாப் வரை நடந்தேன். நடக்க நடக்க மாமாவிடம் எப்படிச் சொல்வது என்பதையே வேறு வேறு மாதிரி சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். வண்டி போனதைவிட அதுதான் பெரிதாக இருந்தது.

சொன்னேன். கத்தவில்லை. முகம் மட்டும் இறுகியது.

“ஸ்டேஷனுக்குப் போலாம் மாமா.”

“ஸ்டேஷனெல்லாம் வேண்டாம்.”

“திருட்டுப் போயிருக்குது. கம்ப்ளெய்ன்ட் குடுக்காம?”

“வேண்டாம்னா வேண்டாம். எடுத்தது யாருன்னு எனக்குத் தெரியும்.”

மொட்டை மாடிக்குப் போய் மோகனசுந்தரத்திடம் பேசினார். கீழே வரைக்கும் அவர் குரல் கேட்டது. வார்த்தை புரியவில்லை.

எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

ஜனவரி 27, சனி

விடியற்காலையிலேயே மாமா பைக்கில் கிளம்பிவிட்டார். பத்து மணிக்கு அவர் என் வண்டியை ஓட்டிவந்தார். பின்னாலேயே மோகனசுந்தரம் மாமாவின் பைக்கைக் கொண்டுவந்து விட்டுவிட்டு நிற்காமல் போனார்.

வலதுபுறக் கண்ணாடி இல்லை. பக்கவாட்டில் புதிதாகத் தேய்ந்திருக்கிறது. மாமாவின் இடது முழங்கைக்குக் கீழே நீளநீளமாக நான்கு கீறல்கள். முள்வேலி கிழித்துவிட்டதாம். மருந்து போட்டுவிட்டேன்.

“அவன் பொண்டாட்டிதான். புருஷங்கூட சண்டை போட்டுட்டு அக்கா ஊட்டுல இருக்கறா. கிறுக்கு. அதுக்கு நாம என்ன பண்றது? காசு குடுத்து வாங்கியிருக்கோம்.”

“என்ன சொன்னா?”

“என்ன சொல்லுவா? சாவியக் குடுன்னோம், குடுத்துட்டா.” மேசை மேல் இரண்டாவது சாவியை வைத்தார். சாவியில் சின்னதாக ஒரு துணிப்பந்து கோத்திருக்கிறது. கையால் தைத்தது.

திங்கட்கிழமை பூட்டையும் மாற்றிவிடு என்று அவராகவே சொன்னார்.

மதியம் வண்டியைத் துடைக்கும்போது சீட்டைத் தூக்கினேன். உள்ளே ஒரு டிபன் பாக்ஸ் இருந்தது. எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், மூடிக்குள் ஒரு ஸ்பூன். திருடியவள் மதியத்துக்குச் சோறு கட்டிக்கொண்டு போயிருக்கிறாள்.

மாமா தூக்கிப் போடச் சொன்னார். சாதத்தைக் கொட்டிவிட்டு, பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

ஜனவரி 28, ஞாயிறு

எண்ணெய் தேய்த்துத் தலை குளித்தோம். துணி துவைத்தேன். யாழினிக்கு யூனிஃபார்ம் தேய்த்தேன். மாமா நல்ல மாதிரி இருந்தார். கறி எடுத்துவந்து அவரே கழுவிக் கொடுத்தார்.

முள்வேலி கிழித்தால் கீறல் இத்தனை சமமான இடைவெளியில் இருக்காது. இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜனவரி 30, செவ்வாய்

அவளே வந்தாள்.

ரங்கநாயகி அம்மா வீட்டிலிருந்து இறங்கினேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவள் எழுந்தாள். ஓட வேண்டும் என்றும் தோன்றியது, பேச வேண்டும் என்றும் தோன்றியது. நான் ஒன்றும் செய்யாமல் நின்றேன்.

“பயப்படாதீங்க. வண்டிய எடுக்க வரலீங்க” என்றாள். “என்ற டிபன் பாக்ஸு அதுக்குள்ள இருக்குதுங்களா? அக்கா ஊட்டு பாக்ஸு. அதைக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

வீட்டில் இருக்கிறது, நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றேன். அப்போதுதான் அவள் வலது கையைப் பார்த்தேன். துப்பட்டாவால் சுற்றி, இடது கையால் அடியில் தாங்கிப் பிடித்திருந்தாள். பத்துப் பன்னிரண்டு வருஷமாகக் கைகால்களையே பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு அந்தப் பிடிப்பு தெரியாமல் போகுமா. காட்டச் சொன்னேன். மணிக்கட்டு வீங்கியிருந்தது. கட்டைவிரலடியில் விழும் பள்ளத்தில் விரலை வைத்து லேசாக அழுத்தினேன். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“எக்ஸ்ரே எடுத்தாச்சா?”

“சுளுக்குன்னு நெனச்சுத் தைலம் போட்டிருக்கறனுங்க.”

மரத்தடியிலேயே இரண்டு பேரும் உட்கார்ந்தோம். இந்துமதி. பெருந்துறையில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர். வண்டி அவள் சம்பளத்தில் வாங்கியது. கல்யாணமாகி ஆறு வருஷம் அடி வாங்கியிருக்கிறாள். கார்த்திகை மாதம் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். வரும்போது புருஷன் வண்டியை எடுக்க விடவில்லை. கேட்டில் சேர்த்துச் சங்கிலி போட்டுவிட்டானாம். கைப்பையில் கிடந்த சாவி மட்டும் கூட வந்தது. அக்காவின் ஊருக்குக் கம்பெனி பஸ் வராது. காலை ஷிப்டுக்கு இருட்டோடு நடந்து மெயின் ரோட்டுக்கு வந்து, கிடைத்த வண்டியில் போவாள்.

“வண்டி இல்லாட்டி வேலைக்குப் போவ மாட்டேன், வேலைக்குப் போவாட்டி திரும்பி வந்துருவேன்னு அவருக்கு நெனப்புங்க. அதான் வித்தாரு. காசுக்காக இல்லீங்க.”

“போலீசுல சொல்லலையா?”

“சொன்னனுங்க. புருஷன் பொண்டாட்டி நீங்களே பேசிக்கோங்கன்னு அனுப்பிட்டாங்க. அப்புறம் போனுல அபராதம்னு மெசேஜ் வந்துதுங்க, எந்த ரோடுன்னு போட்டு. அதை வெச்சுத்தான் இங்க வந்து நின்னேன்.”

பாரத்தில் இருந்த கையெழுத்தைக் கேட்டேன். நான் எதிலும் போடவில்லை என்றாள்.

எனக்கு முகம் எரிந்தது. எங்களுக்கு இதெல்லாம் தெரியாது, தெரிந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டோம் என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. சொல்வதா வேண்டாமா என்ற யோசனைதான் இருந்தது.

“உங்க ஊட்டுக்காரருக்குத் தெரியுமுங்க. வண்டி பாக்க ஆளு வந்திருக்குதுன்னு பக்கத்து ஊட்டு அக்கா சொல்லி, நம்பர் வாங்கிக் குடுத்தாங்க. நானே போன் பண்ணுனேன். ‘அண்ணா, அது என்ற வண்டி, நான் கையெழுத்துப் போடல, வாங்காதீங்க’ன்னு. சரிம்மா, வாங்கலைன்னாரு. நல்ல மாதிரியாத்தான் பேசுனாரு. மறுநாளே எடுத்துட்டாரு.”

வியாழக்கிழமை. வாசலுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தாரே, அந்தப் போன். மறுநாள் விலை பாதி.

கையில் எப்படி அடிபட்டது என்று கேட்டேன். சொன்னாள். அதை இங்கே எழுதப்போவதில்லை.

ஜனவரி 31, புதன்

காலையில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பெருந்துறைக்கே போனேன். அவளை ஏற்றிக்கொண்டு எக்ஸ்ரே எடுக்க வைத்தேன். மணிக்கட்டின் சின்ன எலும்பில் விரிசல். சுளுக்கென்று விட்டிருந்தால் சேராமலே போயிருக்கும். மாவுக்கட்டு. ஆறு வாரத்துக்கு மெஷினில் உட்கார முடியாது. கம்பெனியில் அதுவரை இடத்தை வைத்திருப்பார்களா என்று டாக்டரிடம் கேட்டாள். டாக்டருக்கு என்ன தெரியும்.

பின்னால் உட்கார்ந்து வரும்போது, “நல்லாத்தான் ஓட்டறீங்க, கிளட்சு மாதிரி பிரேக்கைப் பிடிக்காதீங்க” என்றாள். அவ்வளவுதான் பேசினோம்.

பிப்ரவரி 1, வியாழன்

“நேத்து கிலோமீட்டர் ஏன் இவ்வளவு ஏறியிருக்குது?”

“புதுசா ஒரு பேஷன்ட்.”

“எங்க?”

“பெருந்துறை.”

அவர் போனில் எல்லாம் தெரிந்திருக்கும். இருந்தும் கேட்கிறார். நானும் பார்த்துப் பார்த்துப் பதில் சொல்கிறேன்.

“பெருந்துறையில என்ன பேஷன்ட்?”

“கை எலும்பு விரிசல், மாமா. யாரோ கையைத் திருகி இழுத்ததுல கீழ விழுந்திருக்குது.”

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. ரசம் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன்.

பிப்ரவரி 3, சனி

இன்று மாலை யாழினியை டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டு சமையலறைக்கு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“எனக்கா வாங்குனேன்? நீ பஸ்ஸுல லோல்படறயேன்னுதான வாங்குனேன்.”

“அந்தப் பொண்ணு போன் பண்ணுச்சே.”

“ஆயிரம் பேரு ஆயிரம் சொல்லுவாங்க. நம்மகிட்ட பேப்பர் இருக்குது.”

“அந்தப் பேப்பருல அவ கையெழுத்து இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்.”

“நீ இதுல தலையிடாத. அவகிட்டப் பேசாத. நாளையிலிருந்து சம்பத் நகர் வேண்டாம், வேற ஆளு பாத்துக்கட்டும்.”

அவர் கோபமாக இல்லை. பயந்திருந்தார். பதினோரு வருஷத்தில் அவர் பயந்து நான் பார்த்ததில்லை. அல்லது பார்த்தும் வேறு பெயர் வைத்திருக்கிறேன். எனக்குப் பாவமாக இருந்தது. அதே நேரத்தில் கையில் இருந்த கரண்டியை வைக்க இடம் தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.

இரண்டு சாவிகளும் என் பையில்தான் இருக்கின்றன. பூட்டு மாற்றவில்லை.

பிப்ரவரி 5, திங்கள்

கிளினிக்குக்கு லீவு சொன்னேன். இந்துமதியை ஏற்றிக்கொண்டு மகளிர் காவல் நிலையத்துக்குப் போனேன். போகிற வழியெல்லாம் போன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் எங்கே போகிறேன் என்று மாமாவுக்குத் தெரிந்திருக்கிறது. எடுக்கவில்லை.

எஸ்.ஐ. அம்மா பொறுமையாகக் கேட்டார். நான் பாரங்களைக் காட்டினேன். இந்துமதியை ஒரு வெள்ளைத் தாளில் நான்கைந்து தரம் கையெழுத்துப் போடச் சொன்னார். மாவுக்கட்டைப் பார்த்துவிட்டு, “சரி, பேங்க் புக்கு இருந்தா கொண்டுவாம்மா” என்றார். வண்டியின் சாவிகள் இரண்டையும் மேசை மேல் வைத்தேன். வண்டியை வாங்கியது நான்தான், இவளுடைய சம்மதமில்லாமல் விற்றிருக்கிறார்கள், எனக்கு இது வேண்டாம் என்று சொன்னேன். எழுதிக்கொண்டார்.

“கை எப்படி ஆச்சு?”

“சனிக்கிழமை வேலைக்குப் போயிட்டிருந்தேனுங்க. ரோட்டுல மறிச்சு வண்டிய வாங்கிட்டாங்க. சாவிய விட மாட்டேன்னு பிடிச்சுட்டு இருந்தேன். கையைத் திருகி இழுத்தாங்க. வண்டியோட விழுந்துட்டேன்.”

“திருகுனது உன் புருஷனா?”

“இல்லீங்க. அவரு பக்கத்துல நின்னாரு.”

“அப்புறம் யாரு?”

இந்துமதி என்னைப் பார்க்கவில்லை. மாவுக்கட்டின் ஓரத்தில் பிரிந்திருந்த நூலை இழுத்துக்கொண்டிருந்தாள். “கூட வந்தவருங்க. யாருன்னு தெரியலீங்க” என்றாள்.

எஸ்.ஐ. அம்மா பேனாவை நிறுத்தினார். இப்படியே விட்டால் முடிந்துவிடும். அவள் எனக்காக ஒரு கதவைத் திறந்துவிட்டாள். நான் எழுந்து வெளியே வந்து பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடலாம். யாழினி பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம். அவளுடைய முகம்தான் முன்னால் வந்தது. அப்பாவின் பெயரைச் சொன்னது யார் என்று ஒருநாள் கேட்பாள். சொல்லாமல் விட்டது யார் என்றும் கேட்கலாம்.

“லோகநாதன்” என்றேன். “எங்க ஊட்டுக்காரருங்க.”

என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. எஸ்.ஐ. அம்மா, “என்னம்மா?” என்றார். இன்னொரு தரம் சொன்னேன். இனிஷியலோடு சொன்னேன்.

இந்துமதி நூலை இழுப்பதை நிறுத்திவிட்டாள்.

பிப்ரவரி 6, செவ்வாய்

எங்கேயும் போகவில்லை. துணி ஊற வைத்தேன், துவைக்கவில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

மோகனசுந்தரத்தின் மேல் வழக்குப் போட்டுவிட்டார்கள். பொய்க் கையெழுத்துக்கும் சேர்த்து. வண்டி ஸ்டேஷனில் நிற்கிறது. கோர்ட்டு உத்தரவு வந்ததும் இந்துமதிக்குப் போய்விடும். அவளுடைய அக்கா போன் செய்து சொன்னார். அவளைக் கம்பெனியில் துணி சரிபார்க்கிற இடத்தில் உட்கார வைத்திருக்கிறார்களாம். இடது கையால் செய்கிற வேலை.

மாமாவை இரண்டு முறை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். இரண்டு முறையும் போகவில்லை. முன்னறையில் படுத்துக்கொள்கிறார். எங்கே போனாய் என்று கேட்பதில்லை. என் போனிலிருந்து அந்த இடம் காட்டுவதை நான் எடுத்துவிட்டேன், அதையும் கேட்கவில்லை. “என்னைத் தூக்கிக் குடுத்துட்ட இல்ல?” என்று ஒருமுறை மட்டும் சொன்னார்.

நான் செய்தது சரியா என்று இரவும் பகலும் மாற்றி மாற்றி யோசிக்கிறேன். இப்போதும் பஸ்ஸில் நான்கு வீடுகள்தான். ரங்கநாயகி அம்மா வாக்கர் இல்லாமல் சமையலறை வரை போய்விட்டார். அவருக்கு எதுவும் தெரியாது. வண்டி எங்கே என்றார். உடையவர்களிடம் கொடுத்துவிட்டேன் என்றேன்.

பிப்ரவரி 14, புதன்

காலையில் அவர் சட்டையைத் தேய்த்து நாற்காலியில் போட்டேன். “ஸ்டேஷனுக்குப் போயிட்டு வாங்க, மாமா. அவிகளா வந்து கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி நீங்களாப் போயிருங்க” என்றேன்.

“நீயும் வா.”

“நா வரல. நீங்க போங்க.”

வெகுநேரம் சட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் குளித்துவிட்டுக் கிளம்பினார். மாலையில் நான் வேலை முடிந்து வந்தபோது வீட்டில் இருந்தார். இளைத்துப்போன மாதிரி இருந்தார். காபி கொடுத்தேன்.

“எழுதிக் குடுத்துட்டேன்” என்றார்.

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும். அந்தப் பொண்ணு போன் பண்ணுனது, அதை வெச்சு அவன்கிட்ட வெலையக் குறைச்சது, கையெழுத்து பொய்யின்னு தெரிஞ்சே வாங்குனது. ஒண்ணு விடாமச் சொல்லிட்டேன்.”

“கை?”

காபியைக் கீழே வைத்தார். வாசலைப் பார்த்தார்.

“நாளைக்கும் போங்க, மாமா. அதையும் எழுதிக் குடுங்க” என்றேன்.

டம்ளரை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு, யாழினிக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கப் போய் உட்கார்ந்தேன்.